70 மீட்டரில் பறந்த மூங்கில் விமானம்... டிசைனை இலவசமாகக் கொடுத்த சான்டோஸ் டுமோன்ட் யார்?

இன்ஸ்டாவில் அந்த ரீல்ஸ் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அலாஸ்காவின் வால்டெஸ் என்ற ஊரில் மே மாதம் நடக்கும் போட்டி அது. பெரிய டயர் போட்ட குட்டி விமானம் ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்கும். எஞ்சின் உறுமும். சில கார் நீளம்தான் ஓடியிருக்கும், அதற்குள் ஜிவ்வென்று மேலே போய்விடும். இறங்கும்போதும் அதே கதைதான். கோட்டைத் தொட்டதும் பிரேக், சில மீட்டரில் ஸ்டாப்.

இதற்குப் பெயர் 'ஸ்டோல்'. ஷார்ட் டேக்-ஆஃப் அண்ட் லேண்டிங் என்பதன் சுருக்கம். அதாவது குறைந்த தூரத்தில் ஏறுவது, குறைந்த தூரத்தில் இறங்குவது. இந்தப் போட்டிகளுக்கு வரும் விமானங்களில் சில, ஓட்டுபவரே தன் ஷெட்டில் உட்கார்ந்து கட்டியவை. அவற்றை 'ஹோம்பில்ட்' என்கிறார்கள்.

வீட்டிலேயே கட்டணும், கொஞ்ச இடத்தில் ஏறி இறங்கணும். இந்த ரெண்டு ஆசையையும் ஒரே விமானத்தில் சேர்த்துக் காட்டிய மனுஷன் 1932லேயே இறந்துவிட்டார். அவர் பெயர் அல்பெர்டோ சான்டோஸ் டுமோன்ட். விமானம் கட்ட நினைக்கும் ஒருவர் இன்றைக்கும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எல்லாம் அவர் வாழ்க்கையிலேயே இருக்கின்றன. வாங்க, பார்க்கலாம்.

காபி தோட்டத்துப் பையன்

1873ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தில் பிறந்தார். அப்பா ஹென்ரிக் டுமோன்ட் ஒரு இன்ஜினியர். பிறகு சாவோ பாவ்லோ பக்கம் காபி தோட்டம் போட்டு, ஊரே காபி ராஜா என்று அழைக்கும் அளவுக்கு வளர்ந்தார்.

அந்தத் தோட்டத்தில் காபிக் கொட்டையை ஏற்றிச் செல்லத் தனி ரயில் பாதையே இருந்தது. மற்ற பிள்ளைகள் பொம்மை ரயில் ஓட்டும் வயதில் அல்பெர்டோ நிஜ நீராவி எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தார். காபி சுத்தம் செய்யும் மெஷின்கள் ரிப்பேர் ஆனால் பக்கத்தில் போய் நிற்பார். மிச்ச நேரத்துக்கு ஜூல்ஸ் வெர்ன் நாவல்கள்.

ஒரு விபத்தில் அப்பாவுக்குப் பலத்த காயம் ஏற்பட, தோட்டத்தை விற்றுவிட்டார்கள். 18 வயது மகனுக்குச் சொத்தில் பங்கைப் பிரித்துக் கொடுத்த அப்பா, பாரிஸுக்குப் போய்ப் படி என்று அனுப்பிவைத்தார். 1892இல் அப்பா இறந்தார். கையில் நிறைய பணம், தலையில் நிறைய கனவு, கேட்க ஆள் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் வீணாகத்தான் போவார்கள். இவர் பலூன் செய்ய ஆரம்பித்தார்.

வாசலில் நிறுத்திய வான்கப்பல்

1898இல் அவர் செய்வித்த முதல் பலூனின் பெயர் 'பிரேசில்'. பலூன் என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அவர் மிகச் சிறியதாக ஒன்றைக் கேட்டார். அதற்கு ஒரு காரணம் அவருடைய உடல்வாகு. குள்ளமான, சுமார் 50 கிலோ எடையுள்ள மனிதர். தன் எடைக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவுதான் வேண்டும் என்றார். இந்த 'போதும்' கணக்கு பிறகு அவருடைய விமானங்களிலும் தொடர்ந்தது.

அடுத்து, பலூனில் பெட்ரோல் எஞ்சினை மாட்டி, நினைத்த பக்கம் திருப்பி ஓட்டும் வான்கப்பல்கள். 1901இல் பாரிஸில் ஒரு போட்டி. புறநகரில் இருந்து கிளம்பி ஈபிள் கோபுரத்தைச் சுற்றிவிட்டு 30 நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். மொத்தம் 11 கிலோமீட்டர், பரிசு 1 லட்சம் பிராங்க்.

ஆகஸ்ட் மாத முயற்சியில் ஹைட்ரஜன் கசிந்து, வான்கப்பல் ஒரு ஹோட்டல் கட்டடத்தில் மோதிக் கிழிந்தது. சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தவரைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு போட்டு மீட்டார்கள். அடுத்ததைக் கட்டிவிட்டு அக்டோபர் 19ஆம் தேதி மீண்டும் வந்தார். கோட்டைக் கடந்தது 30 நிமிடத்துக்குள், தரையில் கட்டியது அதற்குச் சற்றுப் பிறகு. எந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பது என்று பஞ்சாயத்து நடந்து, கடைசியில் பரிசு அவருக்கே கிடைத்தது. அதில் ஒரு பங்கைத் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கும், இன்னொரு பங்கை பாரிஸின் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டார்.

1903இல் செய்த 9ஆம் எண் வான்கப்பல்தான் இந்தக் கதைக்கு முக்கியம். பைக் எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போவது மாதிரி அதில் ஊரைச் சுற்றினார். ஒருநாள் ஷான்செலிசே சாலையில் உள்ள தன் வீட்டு வாசலிலேயே இறக்கி நிறுத்திவிட்டு, மாடிக்குப் போய் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். பறக்கும் வண்டி என்றால் நமக்கு வேண்டிய இடத்தில் இறங்கணும், ஊருக்கு வெளியே தனி மைதானம் தேடக் கூடாது. ஸ்டோல் விமானம் தேடும் ஒருவரின் ஆசையும் சாராம்சத்தில் இதுதான்.

உங்கள் கையில் இருக்கும் வாட்ச்சுக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஓட்டும்போது பாக்கெட்டில் இருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை என்று நண்பர் லூயி கார்ட்டியரிடம் புலம்ப, 1904இல் அவர் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். கார்ட்டியர் நிறுவனம் இன்றும் விற்கும் 'சான்டோஸ்' வாட்ச்சின் பூர்வீகம் அது.

ரைட் சகோதரர்களா, இவரா?

1906ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி, பாரிஸின் பாகடெல் மைதானம். '14-பிஸ்' என்ற விமானம் கூட்டத்தின் கண் முன்னால் சுமார் 60 மீட்டர் பறந்தது. நவம்பர் 12ஆம் தேதி அதே விமானம் 220 மீட்டரை 21.5 நொடிகளில் கடந்தது.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதியே பறந்துவிட்டார்கள். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்பதும் அதைத்தான். ஆனால் அவர்களின் விமானம் தண்டவாளத்தில் வைத்து ஓடவிட்டுக் கிளப்பப்பட்டது. 1904இல் இருந்து, எடையைக் கீழே விழவைத்து விமானத்தை இழுத்துவிடும் அமைப்பையும் பயன்படுத்தினார்கள். 14-பிஸ் தன் சொந்தச் சக்கரத்தில் ஓடி, பொதுமக்கள் முன்னால், அதிகாரப்பூர்வ நடுவர்கள் அளக்க ஏறியது. அதனால் பிரேசில்காரர்களுக்கு இன்றுவரை விமானத்தின் தந்தை இவர்தான். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் மைதானத்தில் இருந்து 14-பிஸ் கிளம்பிப் பறப்பது போல ஒரு காட்சி வந்ததே, அதற்குப் பின்னணி இந்தப் பெருமைதான்.

அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். 14-பிஸ் ஒரு பெரிய பெட்டிப் பட்டம் மாதிரி இருந்தது. இறக்கை நீளம் 11 மீட்டருக்கு மேல், எஞ்சின் 50 எச்பி. திருப்புவதே பெரும்பாடு. 1907 ஏப்ரலில் அது நொறுங்கியது. அதற்குப் பிறகு செய்த சில மாடல்களும் சரிவரவில்லை. அங்கேதான் அவர் பழைய கணக்குக்குத் திரும்பினார். இன்னும் பெரிதாக்க வேண்டாம், போதுமான அளவுக்குச் சுருக்குவோம் என்று முடிவெடுத்தார்.

பிறந்தது ஊசித்தட்டான்

1907 நவம்பரில் வந்தது 19ஆம் எண் விமானம், 'டெமாய்செல்'. பிரெஞ்சில் இளம்பெண் என்று அர்த்தம். ஊசித்தட்டான் பூச்சிக்கும் அங்கே அதே பெயர் உண்டு. 1909இல் அதை மேம்படுத்தி 20ஆம் எண் வந்தது.

* உடல்: மூன்று மூங்கில் கழிகள்
* இறக்கை: சுமார் 5.5 மீட்டர் நீளம், மேலே பட்டுத் துணி
* எடை: சுமார் 110 முதல் 120 கிலோ. நம்ம ஊர் 100 சிசி பைக் எடை
* எஞ்சின்: 30 எச்பியை ஒட்டி, ஓட்டுபவரின் தலைக்கு மேலே
* சீட்: இறக்கைக்குக் கீழே, ரெண்டு சக்கரத்துக்கு நடுவில்

காரின் பின்பக்கம் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்குச் சிறியது. ஓட்டும் முறை இன்னும் வேடிக்கை. ஒரு கையில் சக்கரம், அது வாலை இடவலமாகத் திருப்பும். இன்னொரு கையில் லிவர், அது மேலே கீழே. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால்? ஓட்டுபவரின் கோட்டு முதுகில் தைத்த பாக்கெட்டில் ஒரு கம்பி சொருகியிருக்கும். உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்தால் இறக்கை முறுக்கிக்கொண்டு விமானம் நேராகும். மொத்தத்தில், விமானத்தைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டார்.

1909 செப்டம்பரில் சான் சீர் என்ற இடத்தில் இந்தத் தட்டான் வெறும் 70 மீட்டர் ஓடி மேலே ஏறியது. அன்றைக்கு அது சாதனை. கிரிக்கெட் மைதானத்தில் பிட்ச்சில் இருந்து பவுண்டரி கயிறு வரை இருக்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதத்தில் 8 கிலோமீட்டர் தள்ளியிருந்த நண்பரைப் பார்க்க இதிலேயே பறந்துபோய் இறங்கினார்.

70 மீட்டர் எப்படிப் போதுமானது?

கொஞ்சம் ஃபிசிக்ஸ், பயப்படாதீங்க.

விமானம் மேலே ஏற, இறக்கை உண்டாக்கும் தூக்குவிசை மொத்த எடையைத் தாங்க வேண்டும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே இறக்கையில் எடை நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், ஏறத் தேவையான வேகம் பாதியாகும். வேகம் பாதியானால், அதே முடுக்கத்தில் ஓட வேண்டிய தூரம் நாலில் ஒரு பங்கு. அதாவது எடையில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு கிலோவும் ஓடுதளத்தில் மீட்டராகத் திரும்பி வரும்.

அதனால் ஸ்டோல் விமானத்தில் முதலில் பார்க்க வேண்டியவை ரெண்டு. ஒன்று, ஒரு சதுர மீட்டர் இறக்கை எத்தனை கிலோ தாங்குகிறது? டெமாய்செலில் ஆளோடு சேர்த்து சுமார் 17 கிலோ. ரெண்டு, ஒரு எச்பி எத்தனை கிலோவை இழுக்கிறது? டெமாய்செலில் 5 முதல் 6 கிலோ.

இப்போ ஒரு இன்றைய உதாரணம். கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஜெனித் சிஎச் 701, 1986இல் வந்த பிரபலமான ஹோம்பில்ட் ஸ்டோல் விமானம். ரெண்டு பேர் போகலாம். மொத்த எடை 500 கிலோ, எஞ்சின் 100 எச்பி போடலாம். அங்கேயும் ஒரு எச்பிக்கு 5 கிலோதான்! முக்கால் நூற்றாண்டு கழித்தும் கணக்கு மாறவில்லை.

மாறியது இறக்கைதான். சிஎச் 701இல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 44 கிலோ. அதைத் தாங்க, இறக்கையின் முன்விளிம்பில் நிரந்தரமான ஒரு தடுப்புப் பட்டை இருக்கும். மூக்கை வழக்கத்தைவிட அதிகமாகத் தூக்கினாலும் காற்று இறக்கையை விட்டுப் பிரியாமல் அது பிடித்துவைக்கும். அதனால் குறைந்த வேகத்திலும் விழாது.

காப்புரிமையே வேண்டாம்

அந்தக் காலத்தில் ரைட் சகோதரர்கள் தங்கள் காப்புரிமைக்காகக் கோர்ட் கோர்ட்டாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சான்டோஸ் டுமோன்ட் நேர் எதிராகச் செய்தார். தன் விமானத்துக்குக் காப்புரிமையே வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வரைபடங்களைத் திறந்துவிட்டார். 1910இல் அமெரிக்காவின் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் டெமாய்செலின் வரைபடங்களை அளவுகளோடு வெளியிட்டது. இன்றைய மொழியில் சொன்னால், ஓப்பன் சோர்ஸ் விமானம்.

பிரான்ஸில் கிளமென்ட் பயார்ட் நிறுவனம் இதைத் தயாரித்து விற்றது. பின்னாளில் புகழ்பெற்ற விமானி ஆன ரோலண்ட் காரோஸ் பறக்க ஆரம்பித்தது இதில்தான். ஆமாம், பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் மைதானத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அவரேதான்.

இலவச டிசைனில் இருந்த சிக்கல்

எல்லாம் இலவசம், சுலபம், லேசு. அப்புறம் ஏன் ஊரெல்லாம் டெமாய்செல் பறக்கவில்லை?

முதல் காரணம், அது 50 கிலோ மனிதருக்காகத் தைத்த சட்டை. 1965இல் வந்த ஒரு பிரிட்டிஷ் காமெடிப் படத்துக்காக டெமாய்செலை அப்படியே மறுபடி கட்டினார்கள். தரையில் ஓடியதே தவிர, ஒழுங்காகப் பறக்க மறுத்தது. அப்புறம்தான் அசல் ஓட்டுநரின் எடை நினைவுக்கு வந்தது. ஜோன் ஹியூஸ் என்ற லேசான உடல்வாகு கொண்ட பெண் விமானியை உட்கார வைத்து, எஞ்சினையும் பலப்படுத்திய பிறகு பறந்தது. 115 கிலோ விமானத்தில் 30 கிலோ கூடுதலாக உட்கார்ந்தால் அது சின்ன வித்தியாசம் இல்லை. கணக்கே மாறிவிடும்.

ரெண்டாவது காரணம், லேசாக்கும்போது பலத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும் ஆபத்து. 1910 ஜனவரியில் சான்டோஸ் டுமோன்ட் பறந்துகொண்டிருந்தபோது ஒரு கம்பி அறுந்தது. விமானம் விழுந்து நொறுங்கியது. உயிர் தப்பினார். ஆனால் அதோடு அவர் பறப்பது முடிவுக்கு வந்தது.

விமானம் கட்ட யோசிக்கும் ஒருவருக்கு இதில் இருக்கும் பாடம் நேரடியானது.

* விளம்பரத்தில் இருக்கும் டேக்-ஆஃப் தூரத்தைப் பார்க்கும் முன், உங்கள் எடை, கூட வருபவர் எடை, எரிபொருள், பை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்த எடையில் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.
* நீங்கள் நிஜமாகவே எங்கே இறங்கப் போகிறீர்கள்? நல்ல ஓடுதளம் இருக்கும் ஊரில் பறப்பவருக்கு ஸ்டோல் தேவையே இருக்காது. குறைந்த வேகத்துக்காகச் செய்த இறக்கை, தூரப் பயணத்தில் மெதுவாகத்தான் போகும்.
* வரைபடத்தில் இருந்து கட்டுவதா, கிட் வாங்குவதா? முதலாவதில் பணம் மிச்சம், ஆனால் ஆண்டுக்கணக்கில் நேரம் போகலாம். ரெண்டாவதில் நேரம் மிச்சம்.
* எடையைக் குறைக்க ஆசைப்பட்டு டிசைனரின் அளவுகளில் கை வைக்காதீர்கள். அறுந்த கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்தது திரும்பி வந்தபோது

1910இலேயே அவருக்கு உடல்நிலை கெட ஆரம்பித்தது. தலைசுற்றல், பார்வைக் கோளாறு. பட்டறையை மூடினார். 36 வயதில் விமான வாழ்க்கை முடிந்தது.

1914இல் முதல் உலகப் போர். பிரான்ஸ் கடற்கரை வீட்டில் டெலஸ்கோப் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஜெர்மன் உளவாளி என்று சந்தேகப்பட்டுப் போலீஸ் வீட்டைச் சோதனை போட்டது. யார் நகரத்தில் 11 கிலோமீட்டர் சுற்றிக் கைத்தட்டல் வாங்கினாரோ, அதே நாடு. மனம் நொந்து தன் குறிப்புகளையும் வரைபடங்களையும் எரித்துவிட்டார் என்கிறார்கள்.

அதைவிடப் பெரிய அடி, வானத்தில் இருந்து குண்டு விழுந்தது. காபி குடிக்கப் போகவும் நண்பரைப் பார்க்கவும் அவர் நினைத்த வண்டி, ஊர்களை எரித்தது. 1926இல் உலக நாடுகள் சங்கத்துக்கு எழுதி, போரில் விமானங்களைத் தடை செய்யச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

1928 டிசம்பரில் கப்பலில் ரியோ திரும்பினார். வரவேற்க ஒரு கடல் விமானம் கிளம்பியது. அதற்கு அவருடைய பெயரையே வைத்திருந்தார்கள். கப்பலில் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கடலில் விழுந்தது. உள்ளே இருந்த எல்லோரும் இறந்தார்கள். அவரால் அதில் இருந்து மீளவே முடியவில்லை.

1932இல் சாவோ பாவ்லோவில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. சொந்த நாட்டு விமானங்கள் சொந்த மக்கள் மீது குண்டு போட்டன. நோயோடும் மனச்சோர்வோடும் குவாருஜா கடற்கரை ஹோட்டலில் தங்கியிருந்த அவர், ஜூலை 23ஆம் தேதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 59ஆவது பிறந்தநாள் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவர் இறந்த விதம் நெடுங்காலம் வெளியே சொல்லப்படவில்லை.

போரில் விமானம் வந்ததற்கு அவர் மட்டும் காரணமா? நிச்சயமாக இல்லை. அவர் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். பெரிய எஞ்சினும் பெரிய எடையும்தான் போருக்குத் தேவைப்பட்டது, 115 கிலோ மூங்கில் தட்டான் இல்லை. அவர் நிஜமாகவே உலகத்துக்குக் கொடுத்தது வேறு பக்கம் வளர்ந்தது. கராஜில், ஷெட்டில், விடுமுறை நாளில் இறக்கைக்கு ரிவெட் அடித்துக்கொண்டிருப்பவர்களிடம். அதைப் பார்க்க அவர் இல்லை, அதுதான் சோகம்.

ரியோ நகரின் நடுவே, கடலை ஒட்டி ஒரு விமான நிலையம் இருக்கிறது. பெயர் சான்டோஸ் டுமோன்ட். ஜெட் விமானங்கள் இறங்கும் அதன் பிரதான ஓடுதளத்தின் நீளம் 1,323 மீட்டர்தான். உலக அளவில் பார்த்தால் ரொம்பக் குட்டி. அங்கே இறங்கும் விமானிகள் சரியான இடத்தில் தரையைத் தொட்டே ஆக வேண்டும்.

70 மீட்டரில் ஏறிய மனுஷனுக்கு அதுவே தாராளம்.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் பேசுங்கள். தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104, டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம்.)